பனந்தூல வீட்டுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

மூக்கையூர் பக்கம் எங்கள் மரவீட்டுக்கு வந்தவர்கள், வேலை செய்தவர்கள், வைது திருத்தியவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தை மாதம் பால் காய்ச்சினோம். அன்றைக்கே எல்லோரையும் நிற்க வைத்து நன்றி சொல்லியிருக்க வேண்டும் என்று அத்தை இன்னும் குறைபட்டுக்கொள்கிறார். எங்கே? பந்தியைக் கவனிக்கவே நேரம் சரியாகப் போய்விட்டது. அதனால் இப்போது எழுத்தில்.

முதலில் சாயல்குடி மாமாவுக்கு. நானும் என் வீட்டுக்காரரும் அவரிடம் ஒரு படத்தைக் கொண்டுபோய்க் காட்டினோம். பனி பெய்கிற ஏதோ ஒரு தேசத்தில், உருண்டைப் பைன் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வீடு. மாமா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “பைனுக்கு எங்கம்மா போறது? நம்மகிட்ட பனை இருக்கு. ஆனா பச்சை மரத்துல கை வைக்கக்கூடாது, சொல்லிட்டேன்” என்றார். பனை நம் மாநில மரம். அதை வெட்டுவதற்கு ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தது எங்களுக்கும் தெரியும். மாமாவுக்கு அதெல்லாம் காரணமே இல்லை. வருசா வருசம் பதனீர் தருகிற மரத்தை வீடு கட்ட வெட்டுவார்களா என்பதுதான் அவர் கேள்வி.

மூன்று மாதம் அலைந்து, இடிக்கப்போகிற ஒரு பழைய உப்புக் கிட்டங்கியை அவர்தான் கண்டுபிடித்தார். கூரையைத் தாங்கி நின்றவை எல்லாம் நடுவே பிளந்த பனந்தூலங்கள். பல வருசம் காய்ந்து, ஆணி அடித்தால் ஆணி வளைகிற அளவுக்கு வைரம் பாய்ந்தவை. அதில் இன்னொரு லாபமும் இருந்தது. பச்சைக் கட்டையை அடுக்கினால் அது காயக் காயச் சுருங்கி, சுவரே சில அங்குலம் கீழே இறங்கிவிடும். எங்களுக்கு அந்தப் பயம் பெரிதாக இல்லை. (பற்றாக்குறைக்கு வேறோர் இடத்தில் வாங்கிய பதினொரு கட்டைகள் இளமரம், உள்ளே ஒரே மாவு. விற்றவர் பெயர் இங்கே வேண்டாம். அவை அடுப்புக்குப் போயின.)

அடுத்தது மேஸ்திரி அண்ணனுக்கு. அவர் வீடு கட்டுகிறவர் இல்லை, பாம்பன் பக்கம் வள்ளம் கட்டுகிறவர். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கிற இடைவெளியை எதை வைத்து அடைப்பது என்று நாங்கள் முழித்துக்கொண்டிருந்தோம். சிமெண்ட் பூசிப் பார்த்தோம், ஒரே வாரத்தில் விரிந்தது. மரம் அசையும், சிமெண்ட் அசையாது. ஒரு கல்யாணத்துக்கு இந்தப் பக்கம் வந்த அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “இது கலப்பத்து வேலைல்ல?” என்றார். வள்ளத்தில் பலகை இடுக்கை அடைக்கிற வேலைக்கு அந்தப் பெயர். பஞ்சைத் திரித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தில் தோய்த்து, மழுங்கிய உளியையும் கொட்டாப்புளியையும் வைத்து இடுக்குக்குள் அடித்து இறக்கினார். டொக் டொக்கென்று ஒன்பது நாள். வள்ளத்துக்குள் தண்ணீர் வராமல் பார்த்த கைக்கு வீட்டுக்குள் காற்று வராமல் பார்ப்பது ஒரு வேலையா! ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து சுவரில் நேராக அறைந்தபோது உள்பக்கம் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

வாசல் நிலைக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டு, அதை ஒரு பலகை வைத்து மறைத்ததும் அவர்தான். பழைய மரமே ஆனாலும் ஓட்டுப் பாரம் ஏறினால் கொஞ்சம் உட்காரத்தான் செய்யும், அந்தப் பாரம் நிலையின் தலையில் இறங்கினால் கதவு சிக்கிக்கொள்ளும் என்றார். கணக்குத் தெரியாமல் வேலை பார்க்கிறார் என்று அன்றைக்கு நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்திருந்தால், அண்ணே, மன்னிச்சிருங்க. இப்போது அந்த இடைவெளியில் ஒரு விரல்தான் நுழைகிறது.

இனி வார்னிஷ் கதை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான், ஆனாலும் சொல்லாமல் நன்றி சொல்ல முடியாது. வெளிச்சுவர் கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும் என்று ஆசைப்பட்டு, எல்லோரும் வேண்டாம் என்றபோதும் பளபளப்பு வார்னிஷ் மூன்று கோட் அடிக்கச் சொன்னது நான். பங்குனி வரைக்கும் மின்னியது. சித்திரை வெயிலில் மேற்குச் சுவர் முழுக்கக் கொப்புளம். நகத்தால் கீறினால் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வந்தது. வெயில் மேல்தோலைக் கருக்க, ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு வெளியேற வழியில்லாமல் தோலைத் தள்ளியிருக்கிறது. போதாததற்கு, சாதாரண இரும்புத் திருகாணிகள் நாலே மாதத்தில் துருப்பிடித்து, ஒவ்வொன்றின் கீழும் மை வழிந்த மாதிரி ஒரு கருங்கோடு.

அதைச் சுரண்டி எடுக்கத் தெருவே வந்தது. உடைந்த கண்ணாடிச் சில்லின் ஓரத்தை மரத்தில் சாய்த்து வைத்து இழுத்தால் சுருள் சுருளாக வரும் என்று காட்டிக்கொடுத்தவர் ஏர்வாடி தச்சு ஆசாரி. அவர் இழுத்தால் பட்டுநூல் மாதிரி நீளமாக வந்தது. நாங்கள் இழுத்தால் தூள்தான். காலேஜ் லீவில் வந்திருந்த தம்பிமார் ஆறு பேர், பக்கத்து வீட்டுச் சின்னம்மா, மதினி என்று சேர்ந்து பன்னிரண்டு நாள். சின்னம்மா கையில் இரண்டு வெட்டு. ஒரு தடவைகூட அதைச் சொல்லிக்காட்டவில்லை.

வார்னிஷுக்குப் பதில் எண்ணெய் என்று முடிவானது. கட்டுமரத்துக்கு அடிப்பது போல மத்தி எண்ணெயை ஒரு பலகையில் தடவிப் பார்த்தோம். அன்று ராத்திரி ஊரிலுள்ள பூனை அத்தனையும் எங்கள் முற்றத்தில். சரி, அது வேண்டாம் என்று பண்ருட்டியிலிருந்து முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கிற எண்ணெய் வரவழைத்தோம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் சொன்னதை என் வீட்டுக்காரர் காதில் வாங்கவில்லை. இரண்டு கையும் வெந்ததுபோல் கொப்பளித்து, ஒரு வாரம் நான்தான் சோறு ஊட்டினேன். அந்த ஒரு வாரமும் வேலையை நிற்கவிடாமல் ஓட்டிய தம்பிமாருக்குத் தனியாக ஒரு நன்றி. உள்பக்கத்துக்குப் போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீர், கரையான் அண்டாது. மழை பட்டால் கரைந்து போய்விடும் என்பதால் வெளியே அதை மட்டும் நம்ப முடியாது.

ராமநாதபுரத்தில் ஆணிக் கடை வைத்திருக்கும் பாய்க்கும் கடன்பட்டிருக்கிறோம். கடல் உப்புக் காற்றுக்கு 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் தாங்கும், 304 கொஞ்ச நாளில் புள்ளி விழும் என்று விளக்கி, வெளியூரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பாதிப் பணம் இன்னும் பாக்கி. பாய், ஆடிக்குள் தந்துவிடுகிறோம்.

தெற்குத் தெருப் பெரியவர், கூரையைச் சுவரோடு மட்டும் கட்டாதே, அஸ்திவாரத்தோடு சேர்த்துக் கட்டு என்று தினமும் வந்து நின்று சொன்னார். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனபோது அவருக்குப் பத்து வயது. அவர் சொல்லுக்காகவே உத்திரத்திலிருந்து அடிக்கல் வரை கம்பி இழுத்து முறுக்கியிருக்கிறோம். தாழ்வாரத்தை நாலடி நீட்டியதும், கச்சான் காற்று வாரியடிக்கிற மணலுக்குத் தடுப்பாக மேற்கே பனைமட்டை வேலி போட்டதும் அவர் யோசனைதான்.

வீட்டின் உள்ளே நடந்ததற்கெல்லாம் மதினிதான் காரணம். சுவர் எழும்பியதும் உள்ளே வந்து பார்த்தவர், “என்னடி இது, கருப்பட்டிப் பானைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு” என்றார். உண்மைதான். பனையின் கருப்பு வெளிச்சத்தை எல்லாம் குடித்துவிட்டது. அறைத் தடுப்புச் சுவர்களைச் செங்கல்லில் எழுப்பி, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் கலந்த சுண்ணாம்பு பூசச் சொன்னார். ஓட்டு வரிசையில் எட்டுக் கண்ணாடி ஓடு. தரைக்குச் சிவப்புச் சிமெண்ட். இப்போது காலை பத்து மணிக்கு ஒரு சதுர வெயில் சமையலறைத் தரையில் விழுந்து, மெல்ல நகர்ந்து, மத்தியானம் ஊஞ்சலுக்கு வருகிறது. அத்தை அதைப் பார்த்துத்தான் உலை வைக்கிறார்.

கரண்ட் வேலை பார்த்த தம்பியின் மூளையையும் பாராட்ட வேண்டும். பிளந்த பனையில் சோற்றை, அதாவது நடுவில் இருக்கிற மெதுவான பகுதியை, குடைந்து எடுத்தால் தோணி மாதிரி ஒரு பள்ளம் கிடைக்குமே, அதற்குள்ளேயே குழாயைப் படுக்க வைத்து ஒயர் இழுத்து, மேலே பலகை மூடிவிட்டான். சுவரில் ஒயரே தெரியாது. மிச்சம் கிடந்த இரண்டு தோணிகள் இறவாணத்துக்குக் கீழே மழைத்தண்ணீர் பிடிக்கின்றன. மாடிப்படிக் கைப்பிடி மட்டும் சீமைக்கருவேலம். கரிமூட்டத்துக்குப் போக இருந்த கட்டையை இழைத்து எண்ணெய் தடவினால் ரத்தச் சந்தனமா என்று கேட்கிறார்கள்.

பெயர் சொல்லாமல் விட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். தண்ணீர் லாரி கொண்டுவந்தவர், டீ வாளி தூக்கிய பையன், எங்கள் மரத்தைத் தன் கொல்லையில் ஏழு மாதம் அடுக்கி வைக்க இடம் கொடுத்தவர், எல்லோரும் கணக்கில் இருக்கிறீர்கள்.

மேஸ்திரி அண்ணே, மரம் செதுக்குகிற உங்கள் வாச்சி இன்னும் எங்கள் திண்ணையில்தான் கிடக்கிறது. ஆள் அனுப்பினால் தர மாட்டோம். அண்ணியையும் கூட்டிக்கொண்டு நேரில் வாருங்கள். நண்டு கிடைக்கிற நாளாகப் பார்த்து வந்தால் நல்லது.

இப்படிக்கு,
பனந்தூல வீட்டுக்காரர்கள்