முகப்பில் தொங்கும் பட்டாளத்தார்: பங்காளி அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு நலம். அண்ணமிண்டியும் பிள்ளைகளும் நலம்தானே?

நம் வீட்டு முகப்பில் தொங்கும் வெள்ளைக்காரத் துரை படத்தைக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் விற்றுவிடலாம் என்று பங்காளிகள் குழுவில் எழுதியிருந்தீர்கள். "மருது பாண்டியரைத் தூக்கில் போட்டவன் படம் நம் வீட்டில் எதற்கு?" என்று நீங்கள் கேட்டதும் எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டார்கள். நான் பதில் போடவில்லை. இரண்டு வரியில் முடிகிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. இதே மாதிரி ஒரு படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று முழிக்கிற மற்ற வீட்டுக்காரர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில், இவர் அக்னியூ இல்லை. கர்னல் அக்னியூ காளையார்கோவிலைப் பிடித்ததும், மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டதும் 1801-ல். அக்டோபர் 24 என்று தேதிகூட நமக்குத் தெரியும். நம் படமோ கல்லச்சில் பல வண்ணம் ஏற்றி அடித்த அச்சுப்படம். ஏணி போட்டு ஏறிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன், கன்னத்துச் சிவப்பு முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. வண்ணத்துக்கு ஒரு கல்லாக மாற்றி மாற்றி அச்சடிக்கும் அந்தத் தொழில் அக்னியூ காலத்தில் கிடையாது. மார்பில் முதலாவதாகத் தொங்குவது விக்டோரியா சிலுவை. அந்த விருதையே 1856-ல்தான் ஏற்படுத்தினார்கள்.

ஆளைக் காட்டிக்கொடுத்தது குதிரை. பக்கத்தில் நிற்கிறதே ஒரு வெள்ளைக் குதிரை, அதன் கழுத்திலும் பதக்கம் தொங்குகிறது. கீழே இருந்து பார்த்தால் மணி என்று நினைத்துக்கொள்வோம். பதக்கம் வாங்கிய குதிரை என்றால் அது வோனொலெல் என்ற அரபிக் குதிரைதான்; விக்டோரியா ராணியே கொடுக்கச் சொன்ன பதக்கம் அது. அதன் எஜமானர் ஃபிரெடரிக் ராபர்ட்ஸ், பின்னாளில் லார்ட் ராபர்ட்ஸ். 1832-ல் கான்பூரில் பிறந்தவர், குள்ளமான ஆள். 1880 ஆகஸ்டில் ஏறக்குறைய 10,000 பேரோடு காபூலிலிருந்து கந்தகாருக்கு 300 மைலை மூன்று வாரத்தில் நடந்து கடந்தார். அவர் மார்பில் இருக்கும் வெண்கல நட்சத்திரம் அதற்காகக் கிடைத்தது. அங்கே பிடித்த பீரங்கிகளை உருக்கி வார்த்தார்களாம். சின்ன வயதிலேயே அவருக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. நம் படத்தில் இரண்டு கண்ணாலும் முறைக்கிறார்!

சரி, அக்னியூ இல்லை என்பதால் இவர் நல்லவராகிவிட மாட்டார். 1881-லிருந்து 1885 வரை இவர் மதராஸ் படையின் தலைமைத் தளபதி. நம் பக்கத்துச் சிப்பாய்களைப் பார்த்துவிட்டு, இவர்களிடம் பழைய போர்க்குணம் செத்துவிட்டது என்று முடிவு கட்டினார், பிறகு தம் நினைவுக் குறிப்புகளிலும் அதையே எழுதினார். வடக்கே இருக்கிற சில இனத்தார்தான் சண்டைக்கு லாயக்கு என்ற கொள்கையை மும்முரமாகத் தள்ளியவர் அவர். அதன் விளைவாகப் பல மதராஸ் படைப்பிரிவுகளில் தமிழரையும் தெலுங்கரையும் எடுத்துவிட்டுப் பஞ்சாபிகளைச் சேர்த்தார்கள். வளரி என்ற வளைதடியை எறிவதைச் சின்ன மருதுவே தனக்குக் கற்றுக்கொடுத்தார் என்று ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி 1830-ல் வந்த தம் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறார். அந்தச் சீமையைப் பற்றித்தான் ராபர்ட்ஸின் இந்தத் தீர்ப்பு. அந்த ஆளுக்குத்தான் நம் அப்பத்தா பொங்கலுக்குப் பொங்கல் கண்ணாடி மேலேயே சந்தனம் குங்குமம் வைத்தார்கள். ஐயா படத்துக்கு வைத்தால் பக்கத்துப் படத்துக்கும் வைக்கத்தானே வேண்டும் என்பது அவர்கள் நியாயம்.

இன்னொன்று இருக்கிறது, அதைத்தான் குழுவில் யாரும் பேசவில்லை. பின்பலகையில் சட்டம் போட்ட கடையின் துண்டுச் சீட்டு பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடையின் பெயர் போய்விட்டது, ரங்கூன் என்பது மட்டும் நிற்கிறது. ஆக, இதை யாரும் நம் தலையில் கட்டவில்லை. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நம் நகரத்தார் ஆட்கள் காசு கொடுத்து வாங்கி, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து, வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற முகப்பில் மாட்டியிருக்கிறார்கள்.

காரணம் ரங்கூனில்தான் இருக்கிறது. கீழ்ப்பர்மாவை ஆங்கிலேயர் 1852-லேயே எடுத்துக்கொண்டார்கள். நம்மவர்களின் பெரிய வரவுசெலவெல்லாம் அங்கேதான். 1885 நவம்பரில் பர்மா மன்னரின் தலைநகர் மண்டலே விழுந்தது, திபா மன்னரை ரத்தினகிரிக்கு அனுப்பினார்கள். அந்தப் படையை நடத்திய பிரெண்டர்காஸ்ட் மதராஸில் பிறந்தவர். ஆனால் மன்னர் போனதும் சண்டை ஓயவில்லை. ஊர் ஊராகக் கிளம்பிய எதிர்ப்பை அடக்க 1886 கடைசியில் நேரே போனவர் நம் படத்துக்காரர். அப்போது எரிந்த கிராமங்கள் கொஞ்சமில்லை. ராபர்ட்ஸால்தான் நமக்குப் பணம் வந்தது என்று நேர்க்கோடு போட முடியாது. ஆனால் கோர்ட்டும் பத்திரமும் போலீசும் நிற்கும் இடத்தில்தான் வட்டிக்கடை நிற்கும், அதை அங்கே நிறுத்தியது இந்த ராணுவம். 1930-களின் பொருளாதார மந்தத்தில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்பங்கு வயல் நம்மவர் கைக்கு வந்துசேர்ந்தது, அடகு மீளாமல். பர்மியர்கள் அதை மறக்கவில்லை. 1942-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்த கதையை மட்டும் நாம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

அதனால்தான் அண்ணே, அக்னியூ படமாக இருந்தால் நானே இறக்கித் தந்திருப்பேன். அது மற்றவர் செய்த காரியம். இது நம் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம். பர்மாத் தேக்குத் தூணை வருகிறவர்களுக்கெல்லாம் தடவிக் காட்டுவோம், இந்தப் படத்தை மட்டும் சத்தமில்லாமல் விற்போம் என்றால் எனக்கு ஒப்பவில்லை. வாங்குகிறவருக்கும் துரை வேண்டாம், சட்டம்தான் வேண்டும். தாளை உருவிப் போட்டுவிட்டு முகம் பார்க்கும் கண்ணாடியாக்கி ஏதாவது ஹோட்டல் வரவேற்பறைக்குக் கொடுத்துவிடுவார்.

என் யோசனை இதுதான். முகப்பிலிருந்து இறக்கி இரண்டாங்கட்டுச் சுவரில் கண்மட்டத்தில் மாட்டுவோம். இவர் யார், மதராஸ் சிப்பாயைப் பற்றி என்ன சொன்னார், பர்மாவில் என்ன செய்தார், யார் வாங்கி மாட்டினார்கள் என்று தமிழில் நாலு வரி எழுதிக் கீழே வைப்போம். முகப்பில் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். பின்பலகையை உடனே மாற்ற வேண்டும். பழைய பலகையின் அமிலம் ஏறித்தான் தாள் ஓரமெல்லாம் பழுப்பாகிறது. ராமபாணப் பூச்சியும் ஒரு மூலையை ஆரம்பித்துவிட்டது. அதுவரை ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைக்க வேண்டாம் என்று வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஆளிடம் சொல்லியிருக்கிறேன்.

விற்றால் வரும் தொகையில் பங்கு போகிறதே என்று யாராவது கேட்டால், அதை என் பங்கில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆவணியில் ஊருக்கு வரும்போது இறக்கிவிடலாம். சட்டம் நல்ல கனம், ஏணியைப் பிடிக்க ஒருவர், கீழே வாங்க ஒருவர் வேண்டும். நீங்கள் எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
தம்பி