முகாம் நெருப்புக்கு விறகு: பொறுப்பு யாருடையது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திறந்தவெளியில் கூடாரம் அடித்துப் பலர் சேர்ந்து தங்கும் முகாம்களுக்கான அறிவிப்புகள் நாளிதழ்களில் அவ்வப்போது வெளியாகின்றன. குடிநீர், கழிப்பறை, முதலுதவி, வாகன நிறுத்தம் ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு என்பது அவற்றில் தெளிவாக இருக்கிறது. இரவில் மூட்டப்போகும் நெருப்புக்கான விறகைப் பற்றி மட்டும் பேச்சே இருப்பதில்லை. அப்படியே இருந்தாலும், ‘விறகை அவரவரே கொண்டுவரவும்’ என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரியைக் குறித்தே இக்கடிதம். விறகு ஏற்பாடு முகாம் நடத்துவோரின் வேலை. அதை வருபவர்களின் தலையில் கட்டுவது முறையன்று.

வெளியூரிலிருந்து கொண்டுவரும் விறகில் உள்ள ஆபத்து பார்வைக்குத் தெரிவதில்லை. மரத்தைத் துளைக்கும் வண்டுகளின் முட்டைகளும் புழுக்களும் பட்டையின் வெடிப்பிலும் அதன் அடியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். 2002-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகருக்கு அருகே கண்டறியப்பட்ட ‘எமரால்டு ஆஷ் போரர்’ என்ற பச்சை வண்டின் கதை இதற்குப் போதிய சான்று. கிழக்கு ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட, அரை அங்குல நீளமே உள்ள அந்த வண்டு தானாகப் பறந்து பரவும் தொலைவு ஆண்டுக்குச் சில கிலோமீட்டர்தான். ஆனால் விறகோடு வண்டி ஏறி, மாநிலம் விட்டு மாநிலம் சென்று, ‘ஆஷ்’ என்ற இனத்தைச் சேர்ந்த கோடிக்கணக்கான மரங்களைப் பட்டுப்போகச் செய்துவிட்டது. அதன் புழு பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தடம் அறுத்து, மரத்துக்கு உணவைக் கடத்தும் திசுவைத் தின்கிறது. வண்டாகி வெளியேறும்போது ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளையை விட்டுச் செல்கிறது. துளை உள்ள கட்டையைக் கண்டு ஒதுக்கிவிடலாம். துளையே இல்லாத கட்டைதான் சிக்கல்: அதற்குள் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், புழு இன்னும் வெளியேறாமலும் இருக்கலாம்.

‘நன்றாகக் காய்ந்த விறகுதானே’ என்று சிலர் கேட்பர். உலர்த்துவது வேறு, சூடேற்றிப் பதப்படுத்துவது வேறு. கட்டையின் நடுப்பகுதி வரை 60 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறி, 60 நிமிடம் அப்படியே நிற்க வேண்டும் என்பது அந்த வண்டுக்காக அமெரிக்க வேளாண் துறை வகுத்த அளவு. வீட்டு முற்றத்து வெயிலில் அது நடவாது. அமெரிக்காவில் விறகு பற்றிய விழிப்புணர்வுப் பிரசாரங்கள், விறகை 80 கிலோமீட்டர் கொண்டுசெல்வதே அதிகம், 16 கிலோமீட்டருக்குள் கிடைப்பதே நல்லது என்று வலியுறுத்துகின்றன. வண்டின் பெயர் இடத்துக்கு இடம் மாறலாம். விறகு எரிய வேண்டிய இடத்துக்கு அருகிலேயே அதை வாங்க வேண்டும் என்ற விதி எங்கும் பொருந்தும்.

அப்படியானால் முகாம் நடக்கும் காட்டிலேயே பொறுக்கிக்கொள்ளலாமே என்பது அடுத்த வாதம். அனுமதி உள்ள இடத்தில், தனியாக வந்த ஒருவர் தரையில் கிடக்கும், கையால் ஒடிக்கக்கூடிய சுள்ளிகளை ஆங்காங்கே பொறுக்குவதில் பெரிய தீங்கில்லை. இருநூறு பேர் ஒரே மாலையில் பொறுக்கினால், கூடாரங்களைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தரை துடைத்துவிட்டதுபோல் ஆகிவிடும். மட்கும் மரம் மண்ணில் ஈரத்தைக் காக்கிறது. பூஞ்சைகளுக்கும் பூச்சிகளுக்கும் உணவாகிறது. பட்டுப்போய் நிற்கும் மரத்தின் பொந்தில் மரங்கொத்தியும் ஆந்தையும் குடியிருக்கின்றன. கீழே கிடப்பவை தீர்ந்ததும் கைகள் நிற்கும் மரங்களின் கிளைகளுக்குப் போகும். பச்சைக் கிளை சரியாக எரிவதுமில்லை.

கட்டுமான இடங்களிலிருந்து வரும் பழைய பலகைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வண்ணம் பூசியவை, பசையால் ஒட்டிய ஒட்டுப்பலகைகள், பூச்சி அரிக்காமலிருக்க மருந்தூட்டிய மரங்கள் ஆகிய எதையும் எரிக்கவே கூடாது. செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்து ஊட்டிய மரத்தை எரித்தால் ஆர்செனிக் புகையிலும் கலக்கும், சாம்பலிலும் தங்கும்.

எனவே நடத்துபவர்கள் செய்யக்கூடியது, முகாம் இடத்துக்கு அருகில் உள்ள விறகு வியாபாரியிடமோ நில உரிமையாளரிடமோ பல மாதங்களுக்கு முன்பே சொல்லிவைப்பதுதான். கடைசி வாரத்தில் கேட்டால் கிடைப்பது ஈர விறகுதான். வெட்டிய புதிதில் மரத்தின் எடையில் பாதியளவுகூட நீராக இருக்கலாம். பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, குறைந்தது ஆறு மாதமாவது உலர விட வேண்டும். வைரம் பாய்ந்த மரத்துக்கு ஓராண்டு, ஈராண்டுகூட ஆகும். ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே வராத விறகை எரித்தால், வெப்பத்தில் ஒரு பங்கு அந்த நீரை ஆவியாக்கவே செலவாகி, சுற்றி அமர்ந்தவர்களின் கண்ணுக்குப் புகைதான் மிஞ்சும். விறகு வந்து இறங்கும்போதே நாலைந்து கட்டைகளைப் பிளந்து, ஈரமானியைப் புதிய பிளவின் மீது வைத்துப் பார்ப்பது நல்லது. கருவி இல்லையென்றால், இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்க்கலாம்: காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மந்தமாக ஒலிக்கும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வெடிப்பு ஓடியிருப்பதும் ஒரு அடையாளம். இறக்கிய விறகைத் தரையில் படாமல் கட்டைகளின் மீது அடுக்கி, மேற்புறத்தை மட்டும் மூடிப் பக்கங்களைத் திறந்து விட வேண்டும். முழுவதுமாகத் தார்ப்பாயால் பொதிந்துவைப்பவர்கள் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கிறார்கள்.

இதற்கான செலவை நுழைவுக் கட்டணத்தில் சேர்ப்பதே நேர்மையானது. கூடாரத்துக்கு ஒரு நெருப்பு என்பதை விட்டு, பலர் சூழ்ந்து அமரும் சில பொது நெருப்புகளை மட்டும் அனுமதித்தால் விறகும் குறையும், காவலும் எளிதாகும். இனி வரும் அறிவிப்புகளில் ‘விறகு இங்கேயே வழங்கப்படும், வெளியிலிருந்து கொண்டுவர வேண்டாம்’ என்று அச்சிடுமாறு நடத்துபவர்களைத் தங்கள் நாளிதழ் கேட்டுக்கொள்ளலாம். முகாம் முடிந்து மீந்த கட்டைகளையும் எவரும் வண்டியில் ஏற்றிச் செல்லாமல், விற்றவரிடமோ நில உரிமையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பதையும் அதே அறிவிப்பில் சேர்ப்பது அவசியம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்