குட்டி எந்த வயதில் நாய் ஆகிறது?

மாநில விலங்கு நலத் துறை அதிகாரிகளுக்கும் உள்ளாட்சி உரிமப் பிரிவு அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நாங்கள் உரிமம் பெற்றுக் கென்னல் (நாய் வளர்த்துக் குட்டி விற்கும் இடம்) நடத்துவோர். விதிகள் உங்களுக்குத் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறோம். 8 வாரம் முடியாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பது மாநில விதி. நல்ல விதி. கூடப் பிறந்தவற்றோடு விளையாடித்தான் குட்டி எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று கற்றுக்கொள்கிறது. ஒரு வளாகத்தில் 10 நாய்க்கு மேல் கூடாது என்பது உள்ளாட்சி விதி. மாநிலம் 4 மாதம் நிரம்பிய பிறகுதான் நாயாக எண்ணுகிறது. உள்ளாட்சி பிறந்த அன்றே எண்ணிவிடுகிறது.

6 நாய் உள்ள கென்னலில் ஒரு பெட்டை 8 குட்டி ஈன்றால் விடிவதற்குள் 14. கொடுத்தால் மாநிலத்துக்குக் குற்றவாளி, வைத்திருந்தால் உள்ளாட்சிக்கு. போன வாரம் வந்த நோட்டீஸ், ஈன்று 4 நாளான ஒரு ஈற்றைச் சேர்த்து எண்ணிவிட்டு, 3 நாளில் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்கிறது. குட்டி கண் திறக்கவே 10 முதல் 14 நாள் ஆகும். முதல் வாரம் அதற்குத் தன் உடல் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. ஈனும் பெட்டியை 30 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருக்க வேண்டும். எங்கே கொண்டுபோய் விடுவது?

தற்காலிகக் கூடுதல் அனுமதி இருக்கிறதே என்பீர்கள். அந்தப் படிவம் குட்டிகளின் எண்ணிக்கையைக் கேட்கிறது. சினை சராசரியாக 63 நாள். 25 நாள் வாக்கில் ஸ்கேன் எடுத்தால் சினை உறுதியாகும், எண்ணிக்கை சரியாகத் தெரியாது. எலும்பு இறுகி எக்ஸ்ரேயில் எண்ண 55 நாளாவது கழிய வேண்டும். மிச்சம் 8 நாள். உங்கள் பரிசீலனைக்கு 90 நாள். பெட்டையிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிப் பார்க்கிறோம்.

காற்றோட்டத்துக்குக் கம்பி வலை போடு என்கிறது ஒரு விதி, குரைப்புச் சத்தம் வெளியே போகாதபடி முழுச் சுவர் எழுப்பு என்கிறது இன்னொன்று. உள்ளாட்சியின் தடையில்லாச் சான்று இல்லாமல் மாநிலப் பதிவு இல்லை. மாநிலப் பதிவு எண் இல்லாமல் அந்தச் சான்று இல்லை. இதற்கிடையே, உரிமம் என்ற சொல்லையே கேள்விப்படாமல் கொல்லைப்புறத்தில் குட்டி போடவைத்து விற்பவர் வீட்டுப் பக்கம் எந்த ஆய்வாளரும் போவதில்லை. பட்டியலில் பெயர் இருப்பவரைத் தேடிப் போவது சுலபம்தான்.

கோபம் சற்று மிஞ்சிவிட்டது, பொறுத்தருள்க. கேட்பது ஒன்றுதான்: எந்த வயதில் குட்டியை நாயாக எண்ணுவது என்று இருவரும் ஒரே வரையறை தாருங்கள். 4 மாதம் என்றே இருக்கட்டும். ஈன்ற 48 மணி நேரத்துக்குள் இரு அலுவலகங்களுக்கும் தகவல் தருகிறோம். குட்டி கைமாறுமுன் அதன் தோலுக்கடியில் அடையாள மைக்ரோசிப் போட்டு, அதன் 15 இலக்க எண்ணையும் பதிவேட்டில் ஏற்றுகிறோம். அதை யார் வேண்டுமானாலும் வந்து சரிபார்க்கலாம். அதுவரை அந்த 3 நாள் நோட்டீஸை நிறுத்திவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உரிமம் பெற்ற கென்னல் நடத்துவோர்