பருவ வயதும் லண்டன் கடிகாரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

மேற்கு நாடுகளில் வளரும் நம் பிள்ளைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பதின்மூன்று, பதினான்கு வயதில் தொழுகை கைநழுவத் தொடங்குகிறது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது உண்மைதான். கைப்பேசியும் கூட்டாளிகளும்தான் காரணம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பிரிட்டனில் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவர்களுக்குத் தெரியும்: பருவமடைந்ததும் தலையில் ஏறும் கடமைகளை இந்த ஊர் வீட்டில், இந்த ஊர்ப் பகல்பொழுதுக்குள் எப்படி நிறைவேற்றுவது என்று பல பிள்ளைகளுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவே இல்லை. பெற்றோர் அறிந்ததெல்லாம் காயல்பட்டினத்து, அதிராம்பட்டினத்து, காத்தான்குடி வழக்கம். அங்கே ஆண்டு முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறைய சமம்.

ஆண் பிள்ளைகள் விஷயத்தை வெட்கப்படாமல் எழுதுகிறேன். தூக்கத்தில் விந்து வெளிப்பட்டால் குளிப்பு கடமையாகிவிடும், அதாவது முழுக்கக் குளிக்காமல் தொழ முடியாது. வீட்டில் ஐந்து பேர், குளியலறை ஒன்று. இருட்டில் ஷவரைத் திறந்தால் வீடே விழித்துக்கொள்ளும், “இந்நேரத்தில் என்ன குளியல்?” என்று உம்மா கேட்பார். அதற்கு அஞ்சிப் பையன் படுத்தே கிடப்பான். சுபுஹு (அதிகாலைத் தொழுகை) போகும். குளிக்காமல் பள்ளிக்கூடம் போனால் லுஹரும் (நண்பகல்) அஸரும் (பிற்பகல்) போகும். வாரத்தில் இரண்டு நாள் இப்படிப் போனால் மூன்றே மாதத்தில் தொழாமல் இருப்பது பழகிவிடும். தகப்பனார் “சோம்பேறி” என்று திட்டுவார். பையன் வாய் திறக்க மாட்டான்.

இதில் பாதி, கணக்குத் தெரியாததால் வரும் தொல்லை. டிசம்பரில் லண்டனில் சூரியன் உதிக்க எட்டு மணி ஆகிறது. சுபுஹு நேரம் அதுவரை இருக்கிறது. எல்லாரும் பள்ளிக்கும் வேலைக்கும் குளிக்கிற ஏழு மணிக்கே அவனும் குளித்துத் தொழுதுவிடலாம், யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. ஜூனில் ஐந்து மணிக்கு முன்பே உதயமாகிவிடும், அப்போதுதான் உண்மையான சிரமம். அதற்கு வீட்டில் ஒரே சட்டம் போதும்: அதிகாலையில் யார் குளித்தாலும் ஏனென்று கேட்கக் கூடாது. அதைத் தாயாரிடம் சொல்லிவைப்பது தகப்பனார் பொறுப்பு.

முறையையும் பதினொன்று, பன்னிரண்டு வயதிலேயே, தேவை வருமுன் சொல்லிவிட வேண்டும். நிய்யத்து (மனத்தில் எண்ணம்) வைத்து, உடல் முழுவதும் நீர் படவேண்டும், முடியின் வேர்வரை இறங்கவேண்டும். ஹனஃபி சட்டப் பிரிவைப் பின்பற்றும் வீட்டுப் பிள்ளை வாய் கொப்பளித்து மூக்குக்கும் நீர் செலுத்துவது கட்டாயம், ஷாஃபி பிரிவு வீட்டில் அது சுன்னத்து (செய்வது சிறப்பு). இந்தக் காலத்துப் பையன்கள் தலைக்குத் தடவும் மெழுகு நீரை உள்ளே விடாது, ஷாம்பு போட்டு அதை முதலில் கழற்ற வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஆனால் “குளிப்பு கடமை” என்றால் இங்கே வளர்ந்த பிள்ளைக்கு விளங்காது, மதரஸாவில் அவன் கேட்டது “குஸ்ல்”. தகப்பனாருக்கோ இதை ஆங்கிலத்தில் பேச வராது. சாப்பாடு, பள்ளிக்கூடம், கடைத்தெரு வரைக்கும் வருகிற வீட்டுத் தமிழ் இந்த இடத்தில் தீர்ந்துபோகிறது. அதனால் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

வயதுக் கணக்கிலும் ஒரு பிழை உண்டு. அடையாளம் எதுவும் தெரியாவிட்டால் பதினைந்து வயதில் பாலிக் (பருவமடைந்தவர்) என்பது பிறை ஆண்டுக் கணக்கு. பிறப்புச் சான்றிதழ்ப்படி அது பதினான்கரை வயதைச் சற்றுத் தாண்டியதுமே வந்துவிடும்.

அடுத்து அஸர். குளிர்காலத்தில் அதிகம் தவறுவது இதுதான், யாரும் கவனிக்காததும் இதுதான். டிசம்பர் இறுதியில் லண்டனில் லுஹர் பகல் பன்னிரண்டை ஒட்டித் தொடங்குகிறது. அஸர் ஷாஃபி கணக்கில் ஏறக்குறைய 1.40-க்கு, ஹனஃபி கணக்கில் 2.10 வாக்கில். மஃரிப் (சூரியன் மறைந்ததும் தொழுவது) 3.55. பள்ளிக்கூடம் விடுவது மூன்றேகாலுக்கு. பேருந்தில் நாற்பது நிமிடம் வந்து கதவைத் திறக்கும்போது மஃரிப் நுழைந்திருக்கும். நவம்பர் இறுதி முதல் ஜனவரித் தொடக்கம் வரை இதே நெருக்கடிதான். கோடையில் லுஹரே ஒரு மணிக்கு மேல்தான், வீட்டுக்கு வந்து நிதானமாகத் தொழலாம்.

பெற்றோர் பள்ளியில் பேசும்போது மதிய இடைவேளைக்குத் தொழும் இடம் கேட்கிறார்கள். குளிர்காலத்துக்கு அது பாதிதான். கடைசி மணி அடித்தபின் பத்து நிமிடம், ஒரு காலி வகுப்பறை என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். நவம்பரில் போய் நிற்காமல், செப்டம்பரிலேயே பிள்ளை படிக்கும் வகுப்பு ஆண்டுக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் கேட்பது நல்லது. எத்தனை பிள்ளைகள், எத்தனை வாரம், எத்தனை நிமிடம் என்று எழுதிக்கொடுத்தால் காரியம் எளிதாக நடக்கும். உரிமை என்று மேசையைத் தட்ட வேண்டாம். தொழும் இடம் தந்தே ஆகவேண்டும் என்று பள்ளிகளுக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. லண்டன் பள்ளி ஒன்று விதித்த தொழுகைத் தடையை எதிர்த்து மாணவி ஒருவர் தொடுத்த வழக்கை 2024 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இடம் கிடைத்தாலும் ஒளுவில் (தொழுமுன் முகம், கை, கால் கழுவுவதில்) சிக்கல் வரும். கைகழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைப்பார்கள், தரையெல்லாம் தண்ணீர், துப்புரவுப் பணியாளர் புகார் செய்வார், அறை போய்விடும். இதற்குத் தோல் காலுறை நல்ல வழி. காலையில் முழு ஒளு செய்து, கால் கழுவிய பிறகே அணிய வேண்டும். கணுக்கால் மூடியிருக்க வேண்டும். பிறகு ஒளு முறிந்தால், மறுபடி ஒளு செய்யும்போது கால் கழுவுவதற்குப் பதிலாக ஈரக்கையால் காலுறையின் மேல்பக்கம் தடவினால் போதும். அப்படி முதன்முதலில் முறிந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் செல்லும். பள்ளிச் சீருடையின் மெல்லிய நூல் காலுறைமேல் தடவினால் செல்லாது. பல பிள்ளைகள் அதைத்தான் செய்கிறார்கள். தொழும் திசையான கிப்லாவையும் காட்டிக்கொடுங்கள். ஊர்ப் பழக்கத்தில் “மேற்கே பார்த்து நில்” என்று சொல்லிவிடுகிறோம், லண்டனிலிருந்து மக்கா தென்கிழக்கே, திசைகாட்டியில் 119 பாகையில்.

பெண் பிள்ளைகளின் சங்கடம் ரமலானில் வெளிப்படும். ஹைளு (மாதவிடாய்) நாளில் பள்ளி உணவுக்கூடத்தில் ஒரு சாண்ட்விச்சைப் பிரித்தால், பக்கத்து மேசையிலிருந்து நம் பையன்களே “நீ நோன்பு இல்லையா?” என்று சத்தமாகக் கேட்கிறார்கள். அதற்கு பயந்து பட்டினி கிடக்கும் பிள்ளைகள் உண்டு, கழிவறைக்குள் நின்று சாப்பிடும் பிள்ளைகளும் உண்டு. வீட்டிலோ, வாப்பாவுக்கும் அண்ணனுக்கும் தெரியக்கூடாதென்று சஹருக்கு (விடியுமுன் உண்ணும் உணவுக்கு) எழுந்து நோன்பு வைப்பதுபோல் நடிக்க வேண்டியிருக்கிறது. அந்த நாட்களில் நோன்பு வைப்பதே கூடாது என்பதுதான் சட்டம். இதில் பெண்ணுக்கு என்ன வெட்கம்? திருத்த வேண்டியது பையனை. பிறரிடம் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாதென்று உங்கள் மகனுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

விட்ட நோன்புகளை எண்ணி டைரியின் உள்ளட்டையில் கோடு போட்டு வைக்கப் பழக்குங்கள். ஹைளு நாட்களில் விட்ட தொழுகைக்குக் களா (பிறகு ஈடுசெய்வது) கிடையாது, நோன்புக்கு உண்டு. ஆறேழு நோன்பென்றால் டிசம்பர் விடுமுறையில் தீர்த்துவிடலாம். அப்போது நோன்பு பத்து மணி நேரம்தான். பலர் தள்ளிப்போட்டு, கோடையில் பதினெட்டு மணி நேரத்தை நினைத்து மலைத்து, மூன்று ஆண்டுப் பாக்கியைச் சேர்த்துவிடுகிறார்கள். இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் 2020 ஜனவரி முதல் மாதவிடாய்ப் பொருட்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கேட்டு வாங்கலாம் என்பதையும் சொல்லிவையுங்கள்.

தேர்வும் நோன்பும் பற்றிக் கட்டுரையாளர் கவலைப்படுகிறார். 2018-ல் ரமலான் மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை, பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பொதுத்தேர்வுகளின் நடுவே வந்தது. நோன்பு ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே வருவதால் 2026-ல் பிப்ரவரி நடுவுக்கு வந்துவிட்டது. 2030-ல் ஜனவரித் தொடக்கத்தில் ஒன்று, டிசம்பர் இறுதியில் இன்னொன்று. இப்போது பருவமடையும் பிள்ளைகளுக்குச் சிறு நோன்பில் பழகும் வாய்ப்பு கிடைத்திருக்கிறது. மாதிரித் தேர்வுதான் சில பள்ளிகளில் குறுக்கிடும். அந்த வாரங்களில் சஹரை விடவே கூடாது. நோன்பு திறந்ததிலிருந்து சஹர்வரை ஒன்றரை லிட்டர் தண்ணீராவது சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். சஹர் முடியும்போது மொத்தமாகக் குடித்தால் சிறுநீராகப் போய்விடும், பத்து மணிக்கே தலைவலி தொடங்கும். வடை, சமோசாவைக் குறைத்து நோன்புக் கஞ்சியைக் கூட்டுங்கள்.

கடைசியாக, பாலியல் கல்வி. இங்கிலாந்தில் பெற்றோர் அதிலிருந்து பிள்ளையை விலக்கக் கேட்கலாம். பதினாறு வயது நிறைய மூன்று பள்ளிப் பருவங்கள் (டெர்ம்) இருக்கும்போது, பிள்ளை தானாகவே அந்தப் பாடத்தைக் கேட்டுப் பெறலாம். விலக்குகிறவர்கள் அந்தப் பாடத்தை வீட்டில் நடத்தும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டிலும் வாய்மூடி இருப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

இதழிடம் ஒரு வேண்டுகோள். கடமையான குளிப்பு, ஹைளு, களா, மஸ்ஹு (காலுறைமேல் தடவுவது) போன்ற சொற்களுக்கு எதிரே, பிள்ளைகள் அறிந்த சொற்களையும் போட்டு ஒரு பக்கம் வெளியிடுங்கள். பெற்றோர் அதைக் கையில் வைத்துக்கொண்டாவது பேச்சைத் தொடங்குவார்கள். பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் மாறுகிறது. அதற்கு முந்தைய இதழில் வந்தால் இந்தக் குளிர்காலத்துக்கே உதவும்.

வஸ்ஸலாம்.

ஒரு வாசகர்,
லண்டன்