தப்பு நெட் மேல் இல்லை, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சனிக்கிழமை இரவு பத்தே முக்காலுக்கு, "இந்த நெட்டை வெச்சிக்கிட்டு மனுஷன் ஆடுவானா" என்று கத்திவிட்டு, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடும்போது நாம் பேசிக்கொள்கிற டிஸ்கார்டை விட்டுப் போனாய். நாங்கள் மூன்று பேரும் ஒன்றரை மணி வரை இருந்தோம். ஆட்டம் ஒன்றும் நடக்கவில்லை. ஒருவன் மைக்கில் பட்டாசு பொரிகிற மாதிரி சத்தம் வந்தது. டிரைவரை மாற்றச் சொன்னோம், யூஎஸ்பியை மாற்றிக் குத்தச் சொன்னோம், அரை மணி நேரம் போனது. கடைசியில் பார்த்தால் அவன் பக்கத்தில் அவன் அம்மா கொசு பேட்டோடு உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டு நாளாகப் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் எல்லோரும் பார்க்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

உன் நெட்காரனைத் திட்டாதே. அவன் எத்தனையோ பாவம் செய்திருப்பான், இதை அவன் செய்யவில்லை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் முதல் ஆட்டம் வந்தது 1997-இல். டயல்-அப் மோடம் காலம். நூற்றுக்கணக்கான வில்லாளிகள் ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு உயிர் பாக்கி என்றெல்லாம் அந்த ஒல்லிக் கம்பியில் அனுப்ப வழியே இல்லை. என்சம்பிள் ஸ்டூடியோஸ்காரர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். ஆடுகிற ஒவ்வொருவருடைய கம்ப்யூட்டரும் முழுப் போரையும் தானே கணக்குப் போடும். கம்பியில் போவது "இவன் இந்த நாற்பது பேரை அந்தச் சுவரை இடிக்கச் சொன்னான்" என்கிற கட்டளை மட்டும். நாம் இப்போது ஆடுகிற இரண்டாம் ஆட்டத்தின் புதுப் பதிப்பு, டெஃபினிட்டிவ் எடிஷனிலும் அடிப்படை இதேதான். நடுவில் ஒரு சர்வர் இருக்கிறது, ஆனால் அது கட்டளையைக் கைமாற்றிவிடும் தபால்காரர் மட்டுமே.

இதில் ஒரு வினை உண்டு. நாலு கம்ப்யூட்டரும் ஒரே கணக்கைச் சேர்ந்தே முடித்தாக வேண்டும். ஒன்று திணறினால் மற்ற மூன்றும் அதற்காக நின்று காத்திருக்கும். சனிக்கிழமை நடந்ததை இப்போது யோசித்துப் பார். முதல் இருபத்தைந்து நிமிஷம் வழவழவென்று ஓடியது. ஆளுக்கு நூற்றைம்பது பேர் சேர்ந்தபிறகுதான் எல்லோருக்கும் படம் கல்யாண வீடியோ ஸ்லோமோஷன் மாதிரி ஆனது. அப்புறம் உன் கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. நெட் போனால் கம்ப்யூட்டர் எதற்கு அணைகிறது, சொல்.

சூடு, மாப்பிள்ளை. பிராசசர் நூறு டிகிரியை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் மொத்தமாக அணைந்துவிடும். உன் வீட்டுக்கு எதிரே கிரானைட் பாலிஷ் போடுகிற ஷெட். ஜன்னலை நீ மூடுவதே இல்லை. அந்தக் கண்ணாடிக் கம்ப்யூட்டர் பெட்டியை வாங்கி இரண்டு வருஷத்தில் ஒரு தடவையாவது திறந்திருப்பாயா? உள்ளே பிராசசரின் சூட்டை இழுத்து வெளியே விடுகிற ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவில் இந்நேரம் பாதி கிருஷ்ணகிரி மலை இருக்கும்.

ஔவையார் தொண்டைமானிடம் தூது போன கதையை நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவன் ஆயுதசாலையில் எல்லாம் நெய் பூசி, மயில்பீலி சாத்தி, பளபளவென்று இருந்தது. எங்கள் அதியமானுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. உன் மெஷினில் வானவில் விளக்கு. என்னுடையதற்குப் பக்கவாட்டு மூடி கிடையாது, மேலே டேபிள் ஃபேன் அடிக்கிறது. சனிக்கிழமை அணைந்தது யாருடையது என்று தகடூர்க்காரனாக, அதாவது தர்மபுரிக்காரனாக, கேட்டுவைக்கிறேன்.

உனக்கு இதெல்லாம் தெரியாததல்ல. 2004 பிப்ரவரியில் தர்மபுரி மாவட்டத்தைப் பிரித்துக் கிருஷ்ணகிரியைத் தனியாக்கினார்களே, நீ ஒரே நாளில் வேற்று மாவட்டத்துக்காரன் ஆனாயே, அந்த வருஷம்தான் நான் பென்டியம் 4 வாங்கினேன். 256 எம்பி ரேம், 40 ஜிபி டிஸ்க். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கேட்டது வெறும் 32 எம்பிதான், நமக்கு ராஜபோகம். நீ உன் சிபியுவைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, காவேரிப்பட்டணம் வழியாகப் பஸ்ஸில் வருவாய். கண்டக்டர் லக்கேஜ் கேட்டால் "உடம்பு சரியில்லைண்ணா, ரிப்பேருக்குப் போவுது" என்பாய். கம்ப்யூட்டர்களை இணைக்கிற நெட்வொர்க் ஸ்விட்ச் வாங்கக் காசு இல்லை. கேபிளின் ஒரு முனையில் ஆரஞ்சு ஜோடியையும் பச்சை ஜோடியையும் இடம் மாற்றி, இரண்டு கம்ப்யூட்டரை நேராக இணைக்கிற கிராஸ் கேபிளை நாமே அடித்தோம். மூன்று பின்னைப் பாழாக்கி நாலாவதில்தான் விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டர் கிளம்பாமல் பீப் பீப் என்று கத்தினால் ரேமைக் கழற்றிப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தது நீதான். விண்டோஸ் 7 போட்டதும் கடல் ஊதாவாகவும் புல் சிவப்பாகவும் மாறியதே, அதற்கும் நீதான் வழி கண்டுபிடித்தாய். ஆட்டம் 256 நிறப் பட்டியலை வைத்து வரைகிறது, விண்டோஸ் அந்தப் பட்டியலில் கை வைக்கிறது, அதனால் டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை முடித்துவிட்டு ஆட்டத்தைத் திற என்று போனில் சொன்னாய். அப்படிப்பட்டவன் இன்று நெட்காரன் மேல் பழி போடுகிறாய்.

சாட்டில் 13 என்று அடித்தால் ஒரு குரல் நக்கலாகப் பேசுமே, எல்லாத்துக்கும் நெட்காரனையே சொல்லு என்கிற அர்த்தத்தில். நீ போனபிறகு மூன்று பேரும் அதை அடித்தோம். நான் அடித்திருக்கக் கூடாது. காரணம் இருக்கிறது.

2005-இல் எங்கள் வீட்டு மாடியில் பிளாக் ஃபாரஸ்ட் மேப் ஆடினோம், ஞாபகம் இருக்கிறதா? நீ பாரசீகம். இரண்டு மணி நேரம் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து யானை சேர்த்துக்கொண்டிருந்தாய். யானைகள் என் கோட்டையை முடித்து டவுன் சென்டரை நெருங்கின நேரத்தில் என் கம்ப்யூட்டர் படக்கென்று அணைந்தது. உள்ளே கரன்ட் கொடுக்கிற பெட்டி, எஸ்எம்பிஎஸ், போய்விட்டது என்றேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி, உன் சிபியுவோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போய், கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் கொடுத்தாய். அடுத்த வாரம் கொண்டுவந்து தந்தாய். கடைக்காரர் "எல்லாம் சரியாத்தான் இருக்கு, கேட்டுட்டீங்களேன்னு ஃபேனை மாத்திட்டேன்" என்றாராம். நூற்றைம்பது ரூபாயை நீயே கொடுத்திருந்தாய். நான் கேட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த எஸ்எம்பிஎஸ் போகவில்லை, மாப்பிள்ளை. பின்னாலிருந்த ஸ்விட்சைக் கால் கட்டைவிரலால் நான்தான் அமுக்கினேன்.

இத்தனை வருஷம் சொல்லாததற்கு ஒரு காரணமும் இல்லை. முதல் வாரம் பயம். அப்புறம் சொல்ல வாய் வரவில்லை. 2012-இல் மணிக்கு மணி கரன்ட் போனபோது, யூபிஎஸ் கத்தக் கத்த நீ ஓடிப்போய் சேவ் பண்ணுவாய், "தர்மபுரி எஸ்எம்பிஎஸ் மாதிரி ஆயிடப் போவுது" என்பாய். அப்போதெல்லாம் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன்.

சரி, வேலைக்கு வருவோம். பெட்டியைக் கடையில் கொடுக்காதே, வாக்வம் கிளீனரையும் உள்ளே விடாதே. ஞாயிறு காலை நானே வருகிறேன். பிரஷ், ஸ்க்ரூ டிரைவர், பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தடவுகிற தெர்மல் பேஸ்ட் எல்லாம் என்னிடம் இருக்கிறது. அதற்குள் கை அரித்தால் பக்கவாட்டுக் கண்ணாடியை மட்டும் கழற்றிவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பார். ஊதுகிற மெஷின் வைத்து ஊதினால் ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள், சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். அதைத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிதாக வைத்தால் போதும்.

முடிந்ததும் இரவு ஆடுவோம். நீ வழக்கம்போல் ஆட்டத்தில் திராவிடர் நாட்டையே எடுப்பாய், தெரியும். 2022-இல் அது வந்த அன்று வில்லேஜர் தமிழில் பதில் சொன்னதும் நாலு பேரும் சண்டையை விட்டுவிட்டு அவனையே கிளிக் பண்ணிக்கொண்டு கிடந்தோமே. நைட் என்கிற குதிரை வீரனே கிடையாத நாட்டை வைத்துக்கொண்டு திறந்த மேப்பில் எப்படித் தாங்குவாய் என்று இனி கேட்கமாட்டேன்.

நூற்றைம்பதையும் கொண்டுவருகிறேன். நிப்பட்டு இரண்டு பாக்கெட் காவேரிப்பட்டணத்தில் இறங்கி வாங்கிக்கொள்கிறேன். போனை எடு.

உன்,
தர்மபுரி மாப்பிள்ளை