இஹன் கிவ

துர்க்கு

அன்புள்ள கலா,

இத்தனை நாள் பதில் இல்லை என்று நீ திட்டுவது இங்கே வரைக்கும் கேட்கிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை விடாமல் போடச் சொல், சாக்குச் சொல்வார்.

நிலாவைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். புதுப் பள்ளி எப்படி இருக்கிறது என்று கேட்டால் தினமும் ஒரே பதில்: "இஹன் கிவ."

இங்கே ஃபின்லாந்தில் பேசும் ஃபின்னிஷ் மொழியில் கிவ என்றால் நல்லா இருக்கு, ஜாலியாக இருக்கு என்று பொருள். நாள் முழுக்கக் காதில் விழும் சொல். யார் வீட்டுக்காவது போனால் "கிவ குன் துலித்", நீ வந்தது சந்தோஷம் என்பார்கள். ஒரு படம் பிடித்திருந்தால் அது கிவ. விருந்தில் பொழுது நன்றாகப் போயிருந்தால் கடைசி எழுத்தை நீட்டி "ஒலி கிவா". அப்புறம், நமக்கு நல்ல வீட்டில், நல்ல வீட்டிலிருந்து என்று எங்கே போனாலும் 'நல்ல' அசையாது. இவர்களுக்கு "கிவஸ்ஸ தலொஸ்ஸ", "கிவஸ்த தலொஸ்த" என்று பெயரடையும் வேற்றுமை உருபு ஏற்கும். சரசு டீச்சர் கேட்டால் பூரித்துப்போவார், நீ வழக்கம்போலத் தூங்கியிருப்பாய்.

ஆனால் இந்த 'இஹன்' இருக்கிறதே, தனியாகப் பார்த்தால் 'முழுக்க' என்று அர்த்தம். அபாரம் என்பதற்கு முன்னால் வந்தால் இன்னும் தூக்கிவிடும். கிவவுக்கு முன்னால் வந்தாலோ பெரும்பாலும் இறக்கிவிடும்: "ம்ம், பரவாயில்லை." எல்லாம் குரலில் இருக்கிறது. நிலா தலை நிமிராமல் சொல்கிறாள், கலா. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

பள்ளிகளில் பிள்ளைகளைச் சீண்டிக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்க, துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய திட்டத்துக்கும் கிவ என்றே பெயர். 'கொடுமைக்கு எதிராக' என்னும் இரண்டு ஃபின்னிஷ் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்தார்கள். 2009இல் நாடு முழுக்கப் பரவத் தொடங்கியது. சீண்டுகிற பிள்ளையோடு நிற்காமல், சுற்றி நின்று பார்க்கும் பிள்ளைகளிடமும் பேசுகிறது. மல்லிகாவுக்காக நீ ஒருத்தி எழுந்து நின்றாயே, அதைத்தான் இங்கே பாடமாகவே சொல்லித் தருகிறார்கள். நிலாவுக்கும் பக்கத்தில் அப்படி ஒருத்தி இருக்க வேண்டும்.

அடுத்த வாரம் அவள் ஆசிரியையைப் பார்க்கப் போகிறேன். பேச்சை எங்கிருந்து ஆரம்பிப்பது? நீ பிள்ளைகளோடே இருப்பவள், உடனே எழுது. ராமு பணத்தைத் திருப்பிக் கொடுத்தானா என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
வசந்தி