அமெரிக்க முன்னோர் தேடல்: சந்தா கட்டினாலும் கிடைக்காத பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கர்கள் தங்கள் முன்னோரை இணையத்தில் தேடும் வழக்கம் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஒரு தளத்துக்குச் சந்தா கட்டித் தாத்தாவின் பெயரை உள்ளிட்டால் ஒரே மாலையில் பத்துத் தலைமுறைக்குக் கொடிவழி கிடைத்துவிடும் என்ற எண்ணத்தை அக்கட்டுரை ஏற்படுத்துகிறது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள பால்டிமோர் நகரில் ஒரு பொது நூலகத்தில் இத்தகைய தேடலுக்கு வருவோருக்குத் தன்னார்வலராக உதவி வருபவன் என்ற முறையில் இதை மறுக்க வேண்டியவனாக இருக்கிறேன். அமெரிக்கக் குடும்பங்களோடு சம்பந்தம் செய்துகொண்ட தமிழ்க் குடும்பங்கள் இன்று பல இருப்பதால், பேரப்பிள்ளைகளின் மறுபக்கத்து உறவைத் தேட விரும்பும் வாசகர்களுக்கும் இது பயன்படலாம்.

அத்தளங்கள் காட்டுவதில் கணிசமானவை அரசு அலுவலர்கள் எழுதிவைத்த ஏடுகளின் படங்களே. அவற்றுள் முதன்மையானது 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்டு வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதன் தனிநபர் விவரங்கள் 72 ஆண்டுகள் மூடிவைக்கப்பட்டுப் பின்னரே எல்லோருக்கும் திறக்கப்படுகின்றன. 1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2022 ஏப்ரல் 1 அன்று திறக்கப்பட்டது. 1960க்குரியது 2032இல் வரும். 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது, வீட்டிலிருந்த மற்றவர்கள் வயது வாரியாக வெறும் எண்ணிக்கையாகவே பதிவானார்கள். 1850இல்தான் ஒவ்வொருவரின் பெயரும் வயதும் பிறந்த இடமும் ஏட்டில் ஏறின என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த 'ஒவ்வொருவரில்' அடிமைகள் சேரவில்லை.

1850, 1860 ஆகிய இரு கணக்கெடுப்புகளிலும் தென் மாநிலங்களில் அடிமைகளுக்கெனத் தனிப் பட்டியல் தயாரிக்கப்பட்டது. அதில் எஜமானரின் பெயர் இருக்கும். அதன் கீழே அவருடைய அடிமைகளின் வயதும் பாலும் நிறமும் வரிசையாக இருக்கும். அவர்களுடைய பெயர் மட்டும் அநேகமாக எங்கும் இருக்காது. 1860இல் இப்படி எண்ணப்பட்டவர்கள் ஏறத்தாழ 40 லட்சம் பேர். விடுதலைக்குப் பின் 1870இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில்தான் அவர்கள் பெயரும் குடும்பமுமாக முதன்முறை தோன்றுகிறார்கள். ஆகவே எங்கள் மேசைக்கு வரும் கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றின் தேடல் 1940, 1930, 1920 என்று ஓரளவு எளிதாகப் பின்னோக்கிச் சென்று 1870இல் முட்டி நிற்கிறது; தேடுவோர் இதை '1870 சுவர்' என்றே சொல்கிறார்கள். எழுதப்படாத பெயரை எந்தத் தளமும் எவ்வளவு சந்தாவுக்கும் காட்ட முடியாது.

இதைத் தாண்ட வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. விடுதலை பெற்றவர்களுக்கென 1865இல் ஒரு சேமிப்பு வங்கி தொடங்கப்பட்டது. கணக்குத் தொடங்க வந்தவரிடம் பிறந்த ஊர், வளர்ந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், மனைவி மக்கள் ஆகிய விவரங்களையும், தொடக்க காலப் படிவங்களில் பழைய எஜமானரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். 1874இல் அந்த வங்கி முறிந்து ஏழைகளின் சேமிப்பு பெருமளவில் பறிபோனது. ஆனால் பால்டிமோர் உட்படப் பல கிளைகளின் ஏடுகள் பிழைத்து, விற்கப்பட்டுப் பிரிந்துபோன உடன்பிறப்புகளின் பெயர்களை இன்றைய சந்ததியினருக்குத் தருகின்றன. விடுதலை பெற்றவர்களுக்கு உதவ அதே 1865இல் அமைந்த ஃப்ரீட்மென்ஸ் பியூரோ என்ற அரசு அமைப்பின் கூலி ஒப்பந்தங்கள், உணவு வழங்கிய பட்டியல்கள், திருமணப் பதிவுகள் ஆகியவற்றுக்குப் பல்லாயிரம் தன்னார்வலர்கள் உழைத்துப் பெயரடைவு தயாரித்தார்கள். இவை ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இவற்றைவிட வளமானது, பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் வடதரப்புக்கும் இடையே 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் பணியாற்றியவர்களின் ஓய்வூதியக் கோப்பு. வடதரப்புப் படையின் கறுப்பினப் படைப்பிரிவுகளில் ஏறத்தாழ 1,79,000 பேர் பணியாற்றினார்கள். இறந்த வீரரின் மனைவி ஓய்வூதியம் பெறத் தன் திருமணத்தை நிரூபிக்க வேண்டும். அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்காததால் அவரிடம் சான்றிதழ் இராது. எனவே அதே பண்ணையில் அடிமைகளாக வாழ்ந்த முதியவர்கள் வந்து, யார் வீட்டில் திருமணம் நடந்தது, எந்தக் குழந்தை எப்போது பிறந்தது என்று சத்தியம் செய்து சொன்ன வாக்குமூலங்கள் அக்கோப்புகளில் பக்கம் பக்கமாக உள்ளன. ஆயினும் இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் கோப்பின் எண்ணைத் தெரிவிக்கும் அட்டை மட்டுமே. கோப்பைப் படிக்க வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நேரில் செல்ல வேண்டும் அல்லது கட்டணம் செலுத்தி நகல் பெற வேண்டும். கணினித் திரையில் வராவிட்டால் ஆவணமே இல்லை என்று முடிவு கட்டிவிடுவதுதான் இத்துறையில் நான் காணும் மிகப் பெரிய தவறு.

நான் வாழும் மேரிலாந்தின் நிலை தனியானது. அது வடதரப்பைவிட்டு விலகாத மாநிலம் என்பதால் லிங்கனின் 1863ஆம் ஆண்டு விடுதலைப் பிரகடனம் அதற்குப் பொருந்தவில்லை. 1864 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த மாநில அரசமைப்பே அங்கு அடிமைமுறையை ஒழித்தது. மத்திய அரசிடமிருந்து இழப்பீடு கிடைக்கும் என்ற நம்பிக்கையில், அந்நாளில் தங்களிடம் இருந்த அடிமைகளின் பெயர்களை எஜமானர்கள் சில ஆண்டுகள் கழித்துப் பதிவு செய்தார்கள். இழப்பீடு வரவில்லை, சில கவுண்டிகளின் (மாவட்டம் போன்ற பிரிவுகளின்) பட்டியல்கள் மட்டும் எஞ்சின. எஜமானரின் பேராசையால் அடிமையின் பேரப்பிள்ளைகளுக்குப் பயன் கிடைத்தது என்று இதைச் சொல்லலாம். மேலும் 1860இல் இம்மாநிலத்தில் அடிமைகள் ஏறத்தாழ 87,000 பேர் என்றால், சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினத்தவர் ஏறத்தாழ 84,000 பேர். பின்னவர்களின் பெயர்கள் 1850, 1860 கணக்கெடுப்புகளிலேயே உள்ளன. தம் முன்னோர் அடிமையாகத்தான் இருந்திருப்பார் என்று தாமே கருதிக்கொண்டு அந்த ஏடுகளைப் புரட்டாமலேயே விட்டுவிடுபவர்கள் பலர்.

கட்டுரையின் வேறு இரண்டு செய்திகளையும் திருத்த வேண்டும். நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து அனுமதித்த எல்லிஸ் தீவில் அதிகாரிகள் குடியேறிகளின் பெயர்களை மாற்றி எழுதினார்கள் என்பது வெறும் கதை. கப்பல் நிறுவனம் புறப்பட்ட துறைமுகத்திலேயே தயாரித்த பயணியர் பட்டியலை வைத்துச் சரிபார்த்ததே அவர்களின் வேலை, பெயரை மாற்றிக்கொண்டவர்கள் அநேகமாகப் பின்னாளில் தாங்களாகவே மாற்றிக்கொண்டார்கள். 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையும் தேடிப் பார்க்கலாம் என்று எழுதியிருப்பது அதைவிடப் பெரிய பிழை. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் ஏற்பட்ட தீயில் அது பெரிதும் பாழானது. மிஞ்சியதையும் அழிக்க 1933 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அனுமதித்தது. அதற்கு முந்தைய நாள்தான் தேசிய ஆவணக் காப்பகக் கட்டடத்துக்கு அதிபர் ஹூவர் அடிக்கல் நாட்டியிருந்தார். இன்று எஞ்சியிருப்பது சுமார் 6,000 பேரின் பதிவு மட்டுமே.

சந்தாத் தளங்களை நான் குறை கூறவில்லை. நானும் அவற்றைப் பயன்படுத்துகிறேன். ஆனால் அவற்றில் பிறர் ஏற்றிவைத்த கொடிவழிகள் பலவும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியவை. தாய்க்கு முன்பே மகள் பிறந்துவிட்ட கொடிவழிகளைக்கூட நான் பார்த்திருக்கிறேன். மூல ஏட்டின் படத்தைப் பார்க்காமல் எந்தப் பெயரையும் ஏற்கக் கூடாது. 1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம் என்பதையும், அமெரிக்கப் பொது நூலகங்கள் பலவற்றில் சந்தாத் தளங்களையே கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்பதையும், மேற்கண்ட இரு திருத்தங்களுடன் அடுத்த ஞாயிறு இணைப்பில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பால்டிமோர், மேரிலாந்து